இரண்டு இடுப்பு பெல்ட்டுகள்

ஆம்பூர்
புதன்கிழமை, எனக்கு வார லீவு

அன்புள்ள சௌந்தர்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, நீ விட்டுவிட்டுப் போன ஸ்கூட்டி மூன்று பேரும் சுகம், ஸ்கூட்டிக்கு மட்டும் போன வாரம் பின் டயர் மாற்றினோம். அங்கே நீயும் உன் இடுப்பும் எப்படி இருக்கிறீர்கள் என்று மறைக்காமல் எழுது. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நான் கத்துவேன், அப்பா நடுவில் வந்து சிக்னல் சரியில்லை என்று கட் பண்ணிவிடுவார். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் அழு.

உன் மாமா மகன் இளம்பரிதி உனக்கு அனுப்பிய போட்டோவில் இருப்பது நான்தான். மேம்பாலத்துக்குக் கீழே, முதுகில் என்னைவிடப் பெரிய பை, இரண்டு கையிலும் பெட்டி, வாயில் ஒரு கவரைக் கடித்துக்கொண்டு நிற்கிறேனே, அது நான்தான். அவனை நேரில் பார்த்தால் கேட்கப்போகிறேன், போட்டோ எடுத்த நேரத்துக்கு ஒரு பெட்டியைக் கையில் வாங்கியிருக்கலாமே என்று. பார்சல் ஆபீசில் உட்கார்ந்து ஸ்கேன் பண்ணுகிற வேலை என்று உன்னிடம் நான் சொன்னது பொய். நான்கு மாதமாக வீடு வீடாகப் போய்ப் பார்சல் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னாய், நாப்பத்தேழு வயசுல நீ மூட்ட தூக்கறத பாத்துட்டு என்னால இங்க இருக்க முடியாதும்மா, படிப்ப விட்டுட்டு அடுத்த மாசமே வந்துடறேன் என்று. அந்த வெளிநாட்டில் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டே நீ படிக்கிற நர்சிங் படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. அதை விடுவதா வேண்டாமா என்று நீ முடிவு பண்ணுவதற்கு முன்னால் உன் அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று ஒழுங்காகத் தெரிந்துகொள். போட்டோவில் மூட்டை மட்டும்தான் தெரியும்.

ஷூ கம்பெனியில் என்னை நிறுத்திய கதை உனக்குத் தெரியும், ஆனால் கடிகாரக் கதை தெரியாது. வெளிநாட்டு ஆர்டர் கம்மியாகிவிட்டது என்று சொல்லி எங்கள் லைனில் நாற்பது பேரை ஒரே நாளில் வரிசையில் நிற்க வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். பத்து வருஷம் மிஷினில் தைத்தேன், ஒன்பது வருஷம் செக்கிங்கில் நின்றுகொண்டே குறை பார்த்தேன். பத்தொன்பது வருஷத்துக்கு ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், கம்பெனி பேர் போட்டது. பேட்டரி நாமே வாங்கிப் போட வேண்டும். நான் இன்னும் போடவில்லை, அது அலமாரிக்கு மேலே குப்புறப் படுத்திருக்கிறது. அதற்கப்புறம் சின்ன யூனிட்டுகளில் கேட்டுப் பார்த்தேன், நாற்பது வயசுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். கண் தெரியாதாம். அந்தக் கண்ணால்தான் ஒரு மில்லிமீட்டர் தையல் விலகினால்கூட நான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஹைவேயில் அந்தப் பழைய தோல் குடோன் பார்சல் குடோனாக மாறியதும் ஆள் எடுக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. லைசென்ஸ் இருக்கிறது, ஸ்கூட்டி இருக்கிறது, போன் இருக்கிறது, போய் நின்றேன். அங்கே இன்சார்ஜ் டேனியல் என்ற பையன், இருபத்தேழு வயசு இருக்கும். என்னைப் பார்த்ததும் யாருக்கோ பார்சல் வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்து நம்பர் சொல்லுங்க என்றான். வேலைக்கு என்றதும் சிரித்துவிட்டு, ஆன்ட்டி இது சின்னப் பசங்க செய்ற வேல, நாள் பூரா மாடி ஏறணும், பேஜாரு என்றான். நான் சொன்னேன், தம்பி பத்தொம்பது வருஷம் நான் ஒண்ணும் ஊஞ்சல்ல ஆடல, ஒரு மாசம் பாரு, முடியலன்னா நானே போய்ட்றேன் என்று. ஒரு மாசம் டிரயல் என்று எழுதிக்கொண்டான்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் வாரம் உயிர் போய்விட்டது. தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை. உன் அப்பாதான் எனக்குச் சடை போட்டார், தாம்புக்கயிறு முறுக்குகிற மாதிரி முறுக்கியதில் இரண்டு நாள் எனக்குக் கண் மேலே இழுத்துக்கொண்டிருந்தது. ஜனங்கள் என்னென்ன வாங்குகிறார்கள் தெரியுமா கண்ணு, தெருமுனைக் கடையில் கிடைக்கிற உப்பைக்கூடப் போனில் வாங்குகிறார்கள். மூன்றாவது மாடியில் ஒரு பையன், பத்துப் பத்துக் கிலோவாக இரண்டு இரும்புக் குண்டு வாங்கியிருந்தான், உடற்பயிற்சி பண்ண. லிப்ட் கிடையாது. நான் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று மேலே கொண்டுபோய்க் கொடுத்தால், அய்யய்யோ நீங்களா தூக்கினு வந்தீங்க என்று வாசலில் நின்றே கேட்கிறான். உனக்கும் சேத்து நானே எக்சர்சைஸ் பண்ட்டேன், இனிமே இத கதவுக்கு முட்டு குடுக்க வெச்சிக்கோ என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அப்புறம் பழகிவிட்டது. தூக்குவதில் ஒரு முறை இருக்கிறது. குனிந்து இடுப்பால் தூக்கினால் மூன்றே நாளில் படுத்துவிடுவோம். முட்டியை மடக்கி உட்கார்ந்து, பெட்டியை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு தொடையால் எழுந்திருக்க வேண்டும். திரும்ப வேண்டுமென்றால் இடுப்பைத் திருகாமல் காலை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். இதை நீயும் ஞாபகம் வைத்துக்கொள், காரணம் பின்னால் சொல்கிறேன்.

பாரம்கூடப் பரவாயில்லை. மூத்திரம் போக இடமில்லை, அதுதான் பெரிய கொடுமை. குடோனில் இருபத்திரண்டு ஆம்பளைகளுக்கும் எனக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ், அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் ஓட்டினேன், நாலாம் நாள் எரிச்சல் ஆரம்பித்துவிட்டது. அஞ்சாம் நாள் காலையில் பையைத் தரையில் வைத்துவிட்டு, தாழ்ப்பாள் வந்தாதான் பார்சல் போகும் என்று உட்கார்ந்துவிட்டேன். பசங்க எல்லாம் சிரித்தார்கள். டேனியல் முறைத்துப் பார்த்துவிட்டுக் கடைக்கு ஆள் அனுப்பினான். தாழ்ப்பாள் வந்ததும் திருப்புளியை வாங்கி நானே மாட்டினேன். இப்போது அந்தப் பசங்களே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு போன் பார்க்கிறார்கள், நான் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டிருந்தால் எனக்குத்தான் வயிறு எரிகிறது. ஒரு நாள் வேறு ஒரு பையன் லீவு என்று என்னைப் பேரணாம்பட்டு ரோட்டில் ஒரு கிராமத்துக்கு அனுப்பினார்கள். பெரிய வீடு. அந்த ஆள் பார்சலைக் கையில் வாங்குவதற்கு முன்னால், எந்தூரும்மா, எந்தப் பக்கத்துத் தெரு என்று விசாரித்தான். சொன்னேன். உடனே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தப் படியில வெச்சுட்டுப் போ என்றான். உள்ளே இருந்தது செருப்பு, பெட்டியின் மேலேயே எழுதியிருந்தது. நம் தெருப் பெண்கள் தைத்த செருப்பை அவன் காலில் மாட்டிக்கொள்வானாம், நம் கையிலிருந்து மட்டும் வாங்கமாட்டானாம். ஓடிபி சொல்லாமல் பார்சல் கொடுக்கக் கூடாது என்பது கம்பெனி ரூல். நான் படியில் வைக்காமல் கையிலேயே நீட்டிக்கொண்டு நின்றேன், சார் கைல வாங்கினாதான் சிஸ்டம் எடுக்கும் என்று ஒரு பொய் சொன்னேன். வெய்யிலில் கொஞ்ச நேரம் அவனும் நின்றான், நானும் நின்றேன். கடைசியில் ஓடிபி சொல்லிவிட்டு வாங்கினான். அன்றைக்கு எனக்கு முட்டி வலியே தெரியவில்லை.

இனிமேல்தான் நான் செய்த முட்டாள்தனம் வருகிறது. டிரயல் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, பெரிய மசூதிக்குப் பின்னால் இருக்கிற சந்தில் அக்தரி பேகம் என்ற அம்மாவுக்கு ஒரு ஷூ பார்சல். வயசு அறுபது இருக்கும். மகனுக்கு வாங்கியிருந்தார்கள், நல்ல விலை. திறந்து காட்டிவிட்டுக் கொடுக்க வேண்டிய பார்சல். அந்தச் சந்தில் பசங்க போனால் ஒரு கதவும் திறக்காது, ஆம்பளைகள் எல்லாம் தோல் வியாபாரம் என்று சென்னையிலும் கான்பூரிலும் இருப்பார்கள், பெண்கள் தெரியாத ஆம்பளை வந்தால் திரையை விட்டு வெளியே வரமாட்டார்கள், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தாலும் எடுக்கமாட்டார்கள். நான் பொம்பளை என்பதால் திரையை விலக்கி, ஐயே வெய்யில்ல நிக்காதம்மா, உள்ளாற வா என்று கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். பெட்டியைத் திறந்து ஷூவைக் கையில் எடுத்தேன். எடுத்ததுதான் தெரியும், என் கட்டைவிரல் தானாகப் போய் முன்பக்கத்தை அழுத்தியது. வலது கால் ஷூ சரி, தோல் இறுக்கமாக இருந்தது. இடது காலில் அழுத்தினால் கிழவி கன்னம் மாதிரி சுருக்கம் விழுகிறது. ஒன்று முதுகுத் தோலில் வெட்டியது, இன்னொன்று வயிற்றுப் பக்கத்துத் தோலில் வெட்டியது. நாலு மாதம் போட்டால் இடது கால் தொளதொளத்துவிடும். ஒன்பது வருஷமாகக் கை பழகிய பழக்கம், யோசிக்கவே இல்லை, பெட்டியில் ஒட்டியிருந்த பிரவுன் டேப்பில் ஒரு துண்டைக் கிழித்து, லைனில் குறை இருக்கிற இடத்தில் ஒட்டுவோமே, அதே மாதிரி இடது ஷூவின் மூக்கில் ஒட்டிவிட்டு, ரிஜெக்ட் என்று சத்தமாகச் சொல்லி ஓரமாகத் தள்ளி வைத்தேன். அப்புறம்தான் நான் உட்கார்ந்திருப்பது கம்பெனி பெஞ்சில் இல்லை, கஸ்டமர் வீட்டுக் கூடத்தில் என்று உறைத்தது. அந்தம்மா என்னையும் டேப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீ குடுக்க வந்தியா, எடுத்துனு போக வந்தியாம்மா என்று கேட்டுச் சிரித்தார்கள். மருமகள் ஷஹீன் பானு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து அதற்குமேல் சிரித்தாள். பொய் சொல்லி அந்த ஷூவை அவர்கள் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை. வேணாம்மா, வாங்காதீங்க, நானே அந்த வேலைல இருந்தவ என்று சொல்லி விஷயத்தை விளக்கினேன். அந்தம்மா என் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டார்கள், நான் ஷூவைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

குடோனில் டேனியல் பெட்டியைத் திறந்து பார்த்தான். யார் இதுல டேப் ஒட்னது என்றான். நான்தான் என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டு, ஆன்ட்டி நீங்க டெலிவரியா செக்கிங்கா, அவங்களே வேணாம்னு சொன்னா வேற, நீங்களே வேணாம்னு சொன்னா இன்னாத்துக்கு உங்கள அனுப்பறோம், ரிட்டர்ன் ஜாஸ்தியாச்சுன்னா மேல இருந்து என் கழுத்த புடிப்பாங்க, இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா உங்க ஐடிய ஆஃப் பண்ட்ருவேன் என்றான். ஐடியை ஆஃப் பண்ணுவது என்றால் வேலை போச்சு என்று அர்த்தம், நோட்டீஸ் கிடையாது, கையெழுத்து கிடையாது, கடிகாரம்கூடக் கிடையாது. அன்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன், என் வாயும் விரலும் சும்மா இருக்காது, இந்த வேலையும் போய்விடும் போல என்று. உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா, தேச்சா சுருக்கம் போய்டுமா என்று கேட்டார். தோல் பதனிடுகிற ஷெட்டில் இருபது வருஷம் டிரம் ஓட்டி மூச்சைக் கெடுத்துக்கொண்ட மனுஷன், தோலைப் பற்றி அவ்வளவுதான் தெரியும்.

மறுநாள் காலையில் போன் அடிக்க ஆரம்பித்தது. எல்லாம் பெண்கள் குரல். டேப் ஒட்ன அக்கா நீதானே என்று ஒருத்தி. அக்தரி பேகம் உன் நம்பர் குடுத்தாங்க, எனக்கு வந்த குக்கர ஆள் இல்லன்னு ரெண்டு வாட்டி திருப்பினு போய்ட்டாங்க, நான் வீட்டுலதான் இருந்தேன் என்று இன்னொருத்தி. குடோனில் மூலை ரேக்கில் போய்ப் பார்த்தால் அந்தச் சந்துப் பார்சல் மட்டும் இருபத்தேழு கிடக்கிறது, எல்லாவற்றிலும் ஆள் இல்லை என்று குறித்திருக்கிறது, சாயந்திரம் வண்டியில் திரும்பிப் போக வேண்டியவை. திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்களை இவ்வளவு நாளும் வீட்டிலேயே இல்லாதவர்கள் ஆக்கிவைத்திருக்கிறார்கள். நான் டேனியலிடம் அத்தனையும் குடு என்றேன். இன்னிக்கு சாய்ந்தரம் அஞ்சு மணி வரைக்கும்தான் ஆன்ட்டி, அப்புறம் வண்டி ஏறிடும் என்றான். மூன்று நடை அடித்தேன். வாசலில் வண்டியை நிறுத்தினாலே திரை விலகியது. ஒரு வீட்டில் சர்பத், ஒரு வீட்டில் பால் இல்லாத சுலைமானி டீ, நான்கு வீட்டில் பெட்டியைப் பிரித்துவிட்டு, இது நல்லதாம்மா பாத்து சொல்லு என்று என் கையில் கொடுத்தார்கள். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன், டேப் இருக்கிற பக்கமே திரும்பவில்லை. அஞ்சு மணிக்குள் இருபத்தாறு கொடுத்துவிட்டேன். மிச்சம் ஒன்று, மஹ்பூபி என்ற பெண், அவள் உண்மையிலேயே ஊரில் இல்லை, வாலாஜாபேட்டைக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டாள். டேனியல் ரேக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அதோடு டிரயல் பேச்சும் போயிற்று. மறுநாளிலிருந்து அந்தச் சந்தும் அதற்குப் பக்கத்துச் சந்தும் என் பேரில்தான் விழுகின்றன. அக்தரி பேகம் வீட்டுப் பின்கட்டில் ஒரு சுத்தமான கக்கூஸ் இருக்கிறது, தாழ்ப்பாளோடு. இப்போது தைரியமாகத் தண்ணீர் குடிக்கிறேன்.

இதைக் கேட்டு அம்மா ஜெயித்துவிட்டாள் என்று கை தட்டாதே. இந்த வேலையில் நிரந்தரம் என்று ஒன்று கிடையாது. பிஎப் இல்லை, ஈஎஸ்ஐ இல்லை, விழுந்தால் தூக்க ஆள் இல்லை. போன மாதம் பெரியாங்குப்பம் அருகே ஒரு பையன் லாரியில் இடித்துக் காலை உடைத்துக்கொண்டான், அன்று சாயந்திரமே அவன் ரூட்டில் வேறு ஆள். அடிபட்டால் செலவுக்காவது ஒரு வழி பண்ணுங்கள் என்று நாங்கள் ஏழு பேர் சேர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம், என்ன ஆகிறது பார்க்கலாம். அப்பாவுக்கு மூச்சு இப்போது பரவாயில்லை, ஆரம்பத்தில் பொண்டாட்டி பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறாள் என்று இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை, சடையைக்கூடப் பேசாமல்தான் போட்டார், இப்போது நான் வீட்டுக்குள் நுழைந்ததும் இன்னிக்கு யார் இன்னா வாங்கினாங்க என்பதுதான் முதல் கேள்வி. ரசமும் வைக்கிறார். புளி ஜாஸ்தி, சொல்லாதே, விட்டுவிடுவார்.

இப்போது உன் விஷயம். போன மாதம் வீடியோவில் நீ நாற்காலியில் உட்காரும்போது ஒரு கையை மேஜையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். கேட்டதற்கு நாற்காலி தாழ்வாக இருக்கிறது என்றாய். நான் ஒன்பது வருஷம் குறை பார்த்தவள். அந்த முதியோர் இல்லத்தில் தொண்ணூறு கிலோ தாத்தாவைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைக்கிறாய் என்று நீயே முன்னால் சொல்லியிருக்கிறாய். நான் தூக்குவது அட்டைப்பெட்டி, அது உதைக்காது, திட்டாது, தெரியாத பாஷையில் அழாது. நம் இரண்டு பேரில் பாரமான வேலை யாருடையது என்று நீயே சொல். நீ போனபோது நான் ஒரு நாளாவது, பொண்ணு ஆள் தூக்குகிறாளே, போதும் வந்துவிடு என்று சொன்னேனா. உன் வேலையை நான் மதித்தேன். என் வேலையை நீயும் மதிக்க வேண்டும், பாவம் பார்க்கக் கூடாது.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன், யோசித்து உண்மையைச் சொல். நீ வருகிறேன் என்பது எனக்காகவா, உனக்காகவா. உனக்கு அங்கே முடியவில்லை, இடுப்பு தாங்கவில்லை, அந்த ஜனங்கள் சரியில்லை, தனியாக இருக்க முடியவில்லை என்றால் தயங்காமல் கிளம்பி வா, அது தோல்வி இல்லை, வேலூர் காட்பாடி ஸ்டேஷனில் ஸ்கூட்டியோடு நான் நிற்பேன், உன்னை ஒரு வார்த்தை கேட்கமாட்டேன், உன் அப்பாவையும் கேட்க விடமாட்டேன். ஆனால் எனக்காக என்று சொல்லிக்கொண்டு வராதே. நாளைக்கு ஒரு கோபத்தில், உனக்காகத்தானே விட்டுட்டு வந்தேன் என்று நீ சொல்வாய், அதைக் கேட்டுக்கொண்டு என்னால் மாடி ஏற முடியாது. அந்தப் பாரத்தை மட்டும் என் பையில் ஏற்றாதே கண்ணு, பையில் இடமில்லை.

இந்தக் கடிதத்தோடு பெட்டியில் இட்லிப் பொடி, கருவாடு இல்லை (கஸ்டம்ஸில் பிடிப்பார்களாம்), அப்பா எழுதிய நான்கு வரி, அப்புறம் ஒரு இடுப்பு பெல்ட். கடையில் வாங்கியது இல்லை. கிலோ கணக்கில் விற்கிற வெட்டுத் துண்டுத் தோல் வாங்கி, பக்கத்து வீட்டு மிஷினில் நானே இரட்டைத் தையல் போட்டு இரண்டு பெல்ட் தைத்தேன். இரண்டும் முதுகுத் தோல்தான், சுருக்கம் விழாது. ஒன்று நான் நாலு மாதமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன், இன்னொன்று உனக்கு. சட்டைக்கு மேலே, மூன்றாவது ஓட்டையில் இறுக்கு, யார் சிரித்தாலும் கழற்றாதே. முட்டியை மடக்கு, ஆளை வயிற்றோடு அணைத்துக்கொள், தொடையால் எழுந்திரு. பார்சல் கொண்டுவருகிறவர் மணி அடித்தால் சீக்கிரம் போய்க் கதவைத் திற, கையில் வாங்கு, தண்ணீர் வேண்டுமா, பாத்ரூம் போக வேண்டுமா என்று கேள், பாஷை தெரியாவிட்டால் கையைக் காட்டு. நன்றாக இரு, வயிறு நிறையச் சாப்பிடு, நீ எடுக்கிற முடிவு எதுவானாலும் அது உன் முடிவாக இருக்கட்டும், எங்கள் ஆசீர்வாதம் அதற்கு உண்டு. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார், குறை இருந்தால் டேப் ஒட்டி வை, திருப்பி மட்டும் அனுப்பாதே, அந்த ரூட் எனக்கு இல்லை.

உன் அம்மா
அமிர்தவள்ளி